கடல் கை

மழைக்காலம் வருவதற்குள் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அலமாரியை நகர்த்தினோம். பின்னால் சுருட்டி நிறுத்தியிருந்த ஃப்ளெக்ஸ் சாய்ந்து என் வலது தோளில் விழுந்தது. விரித்துப் பார்த்தேன். யாருடையதோ காதணி விழா. பாதிக் குழந்தை. ஒரு கண், ஒரு காது, அதில் ஒரு கம்மல். ‘அனைவரும் வரு’ என்பதோடு எழுத்து நின்றுவிட்டது. பாயாக விரிக்க இரண்டாக வெட்டியதில் மீதிக் குழந்தையும் மீதி எழுத்தும் உன் பாதிக்குப் போயின.

வாடை அப்படியே இருந்தது. வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், உப்பு, கொஞ்சம் தைலம். எல்லாரும் மாடியிலிருந்து இறங்கிப் போனபின் உன் ஃப்ளெக்ஸைச் சுருட்டி வைத்துவிட்டு என்னுடையதில் வந்து சாய்வாய். தைலம் உன்னுடையதுதான். எதற்குத் தேய்த்துக்கொள்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா அதைத் தூக்கிப் போடச் சொன்னாள். நான் மறுபடி சுருட்டினேன். எதற்கு என்றாள். தெரியவில்லை என்றேன். இப்போதெல்லாம் நிறையக் கேள்விகளுக்கு இதுதான் என் பதில்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மாதமாக வேறு ஒருவரிடம் யோகாவுக்குப் போகிறேன்.

*

நீ சொல்லிக் கொடுத்த மொட்டைமாடியில் இப்போது துணி மட்டும் காய்கிறது. திருவொற்றியூரில் நம் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு மேல், நான்கு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவில் உள்ள இடம். கிழக்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கும் சாலை, அதற்கு அப்பால் கடல். மேற்கே கும்மிடிப்பூண்டி வண்டி போகும் தண்டவாளம். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வடக்கே பார்த்து நிற்போம். நீ எங்களைப் பார்த்து நிற்பாய்.

முதல் வாரம் நடந்தது நினைவிருக்கிறதா. வலது கை என்று சொல்லி உன் வலது கையைத் தூக்கினாய். எதிரில் நின்ற நாங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடதைத் தூக்கினோம். பாதிப் பேர் சந்தேகப்பட்டு மாற்றினார்கள். காசிமேட்டில் மீன் விற்கும் எஸ்தர் அக்காவின் கை நூர்ஜஹானின் மூக்கில் பட்டது. நூர்ஜஹான் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பு நின்றது. நீ இடுப்பில் கை வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாய்.

“இந்த சோத்தாங்கை பீச்சாங்கை பேஜாரே வேணாம் மாமு. உன் சோத்தாங்கை எனக்கு எதுத்தாப்ல மாறிப் போவுது. கடலு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? கடல் கை, ரயில் கை. அவ்ளோதான்.”

அன்றிலிருந்து யாருக்கும் அடி படவில்லை.

ஐம்பது வயது எஸ்தர் அக்காவும் உனக்கு மாமு. நானும் மாமு. நமக்கு ஒரே வயது, பள்ளியில் ஒரே பெஞ்சு. நான் பல்கலைக்கழகம் போனேன். விடுதியில் இரண்டு வருஷம். நீ மருந்துக் கடையில் நின்றாய். திரும்பி வந்தபோது நான் உடலைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். உடலும் அதிகாரமும். உடலும் நினைவும். அடிக்குறிப்புகளோடு. ஆனால் தொண்டையார்பேட்டைக்கு முன்னால் பெண்கள் பெட்டியில், நெரிசலில், என் மூச்சு திடீரென்று நின்றுபோனபோது அதில் எதுவும் உதவவில்லை. இறங்கி நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வண்டிகளை விட்டேன். மறுநாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள் வேலைக்குப் போகவில்லை.

அன்று மாலை மாடிக்கு இழுத்துப் போனாய். பாதிக் குழந்தையின் மேல் குந்தச் சொன்னாய். நான் என்னென்னவோ விளக்கினேன். நீ கேட்டுக்கொண்டே என் முதுகில் உள்ளங்கையை வைத்தாய்.

“மூச்சு எங்கியும் போவல மாமு. நீதான் புடிச்சு வெச்சிக்கினு கீற. வுடு.”

விட்டேன். அவ்வளவுதான். இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

இழுப்பதற்கு உன் சொல் ‘இஸ்துக்கோ’. விடுவதற்கு ‘வுடு’. நடுவில் நிறுத்துவதற்குக் கணக்கு எதுவும் கிடையாது, காற்றைப் பார்த்துத்தான் சொல்வாய். வடக்கிலிருந்து தொழிற்சாலை வாடை வந்தால், “புடி, புடி, கலீஜ் காத்து, வுள்ள வுடாத.” எல்லாரும் கன்னம் உப்பி நிற்போம். பிறகு கடல் காற்று திரும்பும். “தோ வந்துட்ச்சு. இப்ப இஸ்துக்கோ.” சில நாள் வாடை போகவே போகாது. எஸ்தர் அக்காவின் முகம் சிவக்கும். அடுத்த ஜென்மத்துலதான் வுடுவியா என்று மூச்சை விட்டுவிட்டுக் கேட்பாள். நீயே முதலில் சிரித்துவிடுவாய்.

அப்புறம் அந்த ஆசனம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கும்போது நீ சொல்வது: “ரயில் கை ஃபுல்லா மேல. கடல் கை சிக்னல்.” சிக்னல் என்றால் காது உயரத்தில் கை நிற்க வேண்டும், முழங்கை கொஞ்சம் மடங்கி. பழைய ரயில் சிக்னலின் பலகை பாதி இறங்கி நிற்பதுபோல். நான் ஒரு நாள் இதற்கு என்ன பயன் என்று கேட்டேன். நீ நெடுநேரம் யோசித்தாய். “கடலுக்கு மருவாதி” என்றாய்.

எனக்கு அது பிடித்திருந்தது. என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதக்கூட நினைத்தேன்.

*

நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

உன் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “யோகா பண்ண பொண்ணுக்கே இந்த கதி. அப்ப இன்னாத்துக்கு யோகா?” கெட்ட எண்ணம் இல்லாத கேள்விதான். அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் என்னிடம் கேட்டுவிடுவாள் என்று நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மாடி வகுப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை. யாரும் ஏறவில்லை.

பிறகு வலி வந்தது. கழுத்தின் வலது பக்கத்தில் தொடங்கித் தோள்பட்டைக்குக் கீழே இறங்கி விரல் நுனி வரை. நான் பார்ப்பது துறைமுகச் சரக்குக்கான தாள் வேலை என்பது உனக்குத் தெரியும். நாள் முழுக்கத் தட்டச்சு. விரல் மரத்துப்போனால் எழுத்து தப்பும். கன்டெய்னர் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் பெட்டி துறைமுகத்திலேயே நிற்கும். இரண்டு முறை நின்றது. மூன்றாம் முறை ஆனால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மேலாளர் மெதுவாகத்தான் சொன்னார். மருத்துவர் எலும்பில் ஒன்றும் இல்லை என்றார். முன்பு ஏதாவது உடற்பயிற்சி செய்தீர்களா, ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். அதற்கும் தெரியவில்லை என்றேன்.

புது ஆசிரியரைத் தேடினேன். உனக்குத் தெரியாமல் செய்வதுபோல் இருந்தது. முதல் இடத்தில் அறுபது பேர், ஒலிபெருக்கி. குரல் மேடையிலிருந்து வந்தது. நான் தவறாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, சரியாகச் செய்தாலும் தெரியாது. இரண்டாம் இடத்தில் சேர்வதற்கு முன் ஒரு படம், மூன்று மாதம் கழித்து ஒரு படம் எடுப்பார்களாம். வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவதை எஸ்தர் அக்கா சொன்னாள். ராயபுரத்தில், காசிமேட்டில் வேலை முடிந்து அவள் நடந்து போகும் தூரத்தில், ஒரு தம்பி வகுப்பு எடுக்கிறதாம். கோயம்புத்தூர்ப் பக்கம். “ரொம்ப மருவாதியா பேசுது. எனக்கே கூச்சமா கீது. நூர்ஜஹானும் வந்துகினு கீறா. நீயும் வா.”

*

அவர் நம்மைவிட இரண்டு வயது சின்னவர். முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர். யாரையும் தொட மாட்டார். ஒரு நீளமான மரஸ்கேல் வைத்திருக்கிறார், அதைக் காற்றில் பிடித்து, இது வரைக்கும் வாங்க என்பார். தவறு செய்தால் தவறு என்று சொல்வதில்லை. “அப்படியும் பண்ணலாமுங்க” என்பார், பிறகு ஸ்கேலை வேறு இடத்தில் பிடிப்பார்.

கூடத்துக்கு ஜன்னல் இருக்கிறது, திறப்பதில்லை. ஏசி. தரையைத் துடைக்கும் திரவத்தின் எலுமிச்சை வாடை. தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, எல்லாரும் அதைப் பார்த்து நிற்கிறோம். ஒரே நிறப் பாய்கள். பாயில் யாருடைய முகமும் இல்லை.

முதல் நாள், வலது கையை உயர்த்துங்க என்றார். கண்ணாடியில் பன்னிரண்டு கைகள் ஒரு பக்கம் போயின. மூன்று கைகள் மறுபக்கம் போயின. நான், எஸ்தர் அக்கா, நூர்ஜஹான். எஸ்தர் அக்காவின் கை இந்த முறை ஒரு வங்கி அதிகாரியின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. வலது என்ற சொல்லை என் உடம்பு கேட்பதே இல்லை. அது கடலைத் தேடுகிறது. மாடியில் வடக்கே பார்த்து நின்றேன், கடல் வலது கைப்பக்கம். இங்கே தெற்கே பார்த்து நிற்கிறேன், கடல் இடது. மூடிய ஜன்னல்களுக்கு அப்பால், மீன்பிடித் துறைமுகத்துக்கு அப்பால் அது இருக்கிறது. பார்க்க முடியாது. கேட்க முடியாது. ஆனாலும் கை அந்தப் பக்கம்தான் போகிறது. ரயில் கையை வைத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். ராயபுரத்தில் தண்டவாளம் வளைகிறது. ரயில் கை என்று ஒன்று அங்கே இல்லை.

மூச்சிலும் குழப்பம். “மெதுவா வெளியே விடுங்க” என்கிறார். மரியாதை சேர்ந்ததும் மூச்சுக்குப் புரியவில்லை. ‘வுடு’ வரும் என்று காத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியில் என் கன்னம் உப்பியிருப்பதைப் பார்க்கிறேன். எத்தனை வரை நிறுத்த வேண்டும் என்று அவர் எண்ணுகிறார். எண்ணிக்கை எப்போதும் ஒன்றுதான். வாடை மாறுவதில்லை, அதனால் காத்திருக்கக் காரணமும் இல்லை.

நல்ல ஆசிரியர். இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. உன்னைவிடத் தெளிவாகச் சொல்கிறார். நீ ‘அப்டியே மடி’ என்று விட்டுவிடும் இடத்தில் எந்த எலும்பு எங்கே நகர்கிறது என்று சொல்கிறார். நாற்காலியிலேயே உட்கார்ந்து வந்த இடுப்பு வலி மூன்று வாரத்தில் குறைந்தது. குறையும்போதெல்லாம் உன்னிடமிருந்து எதையோ எடுத்து வேறு யாருக்கோ கொடுத்ததுபோல் இருந்தது. கழுத்து வலி மட்டும் குறையவில்லை.

நான்காம் வாரம் அவர் என் பின்னால் வந்து நின்றார். இரண்டு கையும் தலைக்கு மேல். ஸ்கேலை என் வலது முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“இந்தக் கையில எலும்பு முறிஞ்சுதுங்களா?”

இல்லை என்றேன்.

“தோள் இறங்கிருச்சா? விழுந்தீங்களா?”

இல்லை.

அவர் எஸ்தர் அக்காவிடம் போனார். அவள் வலது கையும் காது உயரத்தில் நின்றிருந்தது. நூர்ஜஹானிடம் போனார். அதே. அதே உயரம். முழங்கையில் அதே மடிப்பு. அவர் ஸ்கேலைக் கீழே இறக்கினார். மற்றவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்துக் கண்ணாடியில் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரே இடத்தில் மூன்று பேருக்கு ஒரே காயம் எப்படி என்று உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

இது சிக்னல், ஓர் ஆசனம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். கடலுக்கு மரியாதை என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்படி ஓர் ஆசனம் தான் படித்ததில் இல்லை, ஆனால் தான் படிக்காததும் இருக்கலாம் என்றார். பிறகு, எத்தனை வருஷமாக இப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். நாலு, என்றேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் முழுசாகவும் ஒரு பக்கம் பாதியாகவும் நாலு வருஷம் இழுத்தால் வலி அங்கேதான் வருமுங்க என்றார்.

எஸ்தர் அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து படிக்கட்டில் செருப்பு மாட்டும்போது சொன்னாள். நான் விடுதியில் இருந்த அந்த இரண்டு வருஷத்தில், ஒரு கோடையில், தண்ணீர் லாரியில் குடம் பிடித்து மாடி ஏறும்போது நீ விழுந்திருக்கிறாய். தோள் இறங்கிவிட்டது. யாரோ எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்தபோது கை காதுக்கு மேல் போகவில்லை. அதைச் சரி செய்யத்தான் ஆறு மாதம் பூங்காவில் நடந்த யோகா வகுப்புக்குப் போயிருக்கிறாய். மற்றதெல்லாம் வந்தது. கை மட்டும் வரவில்லை.

“சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு. கை தூக்க வராதவ யோகா சொல்லித் தராளான்னு சிரிப்பாங்கக்கான்னுச்சு. உங்கிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னுச்சு. நீ படிச்சவ, கண்டுபுடிச்சுடுவேன்னு பயம் அதுக்கு.”

நான் படியில் உட்கார்ந்தேன்.

எஸ்தர் அக்காவிடம், தெரிந்தும் அவள் கை ஏன் அங்கேயே நிற்கிறது என்று கேட்டேன். எஸ்தர் அக்கா தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். நின்றது. “அதுக்கு முடியல. நமக்கு ஆசனம்னு நெனச்சேன்” என்றாள். கையை இறக்கிவிட்டு, “ஆனா ஒண்ணு. அதுக்கு பீச்சாங்கைதான் போச்சு. நமக்கு இன்னாத்துக்கு சோத்தாங்கை நிக்குது?”

ரயில் வரும் வரைக்கும் யோசித்தேன். நடைமேடையில் வடக்கே திரும்பி நின்று பார்த்தேன். தெற்கே திரும்பி நின்று பார்த்தேன். பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீ எங்களைப் பார்த்து நின்றாய். உன் இடது கைப்பக்கம் கடல். எங்கள் வலது கைப்பக்கம் கடல். கடல் ரெண்டு பேருக்கும் ஒண்ணு என்று நீ சொன்னது சரிதான். அதன் வழியாகத்தான் உன் இறங்கிய தோள் எங்களுக்கு வந்திருக்கிறது. பக்கம் மாறி.

*

பத்து நாள் போகவில்லை.

கோபமா என்று கேட்டால் தெரியவில்லை. நீ பொய் சொல்லியிருக்கிறாய். அந்தப் பொய்யை நான் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். நாலு வருஷம் தினமும் உன் எதிரில் நின்றிருக்கிறேன், கயிற்றில் துணி போடும்போதும் தொட்டி மூடியைத் திறக்கும்போதும் நீ ஒரே கையைத்தான் தூக்கினாய், நான் பார்க்கவில்லை. தைல வாடையில் படுத்திருக்கிறேன், கேட்கவில்லை. உடலைப் பற்றி எம்.ஏ. வரை படித்தவள். நீ பயந்திருக்கவே வேண்டாம்.

எனக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்ததும் நீ. என் விரலை மரக்கவைத்ததும் நீ. இரண்டும் ஒரே மாடியில், ஒரே மாலைகளில் நடந்தன. எதை எதிலிருந்து கழிப்பது என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் அந்த வாரம் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தேன். அனுப்புவதற்குள் கண்ணில் பட்டது. அன்று மாலை திரும்பவும் ராயபுரம் போனேன். அவர் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. பாயைக் காட்டினார். வகுப்பு முடிந்தபின் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் லாரி, கட்டு, பூங்கா. அவர் ஸ்கேலை மடியில் வைத்துக் கேட்டார். நீ தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாய் என்று அவர் சொல்வார், அப்போது சண்டை போடலாம் என்று காத்திருந்தேன்.

“தப்புன்னு எப்படிங்க சொல்றது. ஆசனம் சொல்லித் தர்ற எடத்துல அவங்க தன்னோட கையச் சொல்லித் தந்திருக்காங்க. நீங்க நல்லாக் கத்துக்கிட்டீங்க.”

அடுத்த நாளிலிருந்து ஒரு துணிப்பட்டை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் விசித்திரம். அது போகும். எப்போதும் போயிருக்கும். நாலு வருஷம் யாரும் சொல்லாததால் நின்றிருந்தது. இரண்டாம் வாரத்தில் முழங்கை நேரானது. தலைக்கு மேல் வலது கை இடது கையைத் தொட்டபோது அது வேறு யாருடையதோ கை என்று திடுக்கிட்டேன்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வடக்கே பார்த்து நின்றேன். வலது கை மேலே, என்று சொன்னேன். போனது. முழுசாக. இறக்கிவிட்டு, கடல் கை, என்று சொன்னேன். காது உயரத்தில் நின்றது. மறுபடி வலது. போனது. மறுபடி கடல். நின்றது.

ஒரே கை. இரண்டு சொல். எந்தச் சொல் என் கையைச் சொல்கிறது என்று தெரியவில்லை. அம்மா கதவைத் தட்டி யாரோடு பேசுகிறாய் என்று கேட்டாள்.

*

இது போன வெள்ளிக்கிழமை நடந்தது.

அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு சொல்கூட வரவில்லை. தாளில் எழுதிக் காட்டினார்: இன்னிக்கு நீங்க சொல்லுங்க. ஏன் நான் என்று சைகையில் கேட்டேன். தோளைக் குலுக்கினார். முன்வரிசையில் என் பாயில் போய் நின்றுகொண்டார்.

நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி அவர்களைப் பார்த்து நின்றேன். பதினைந்து பேர். முதல் சில நிமிடங்கள் சரியாகப் போயின. அவருடைய சொற்களைச் சொன்னேன். உள்ளே வாங்குங்க. வெளியே விடுங்க. வாயில் கடன் வாங்கிய பல் மாதிரி இருந்தது. பிறகு இரண்டு கையும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போக வேண்டிய இடம் வந்தது. வலது இடது சொல்ல வேண்டும். என் வலதா, அவர்கள் வலதா. மூச்சு தொண்டையில் நின்றது, தொண்டையார்பேட்டையில் நின்ற அதே இடத்தில். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“கடல் கை” என்று சொல்லிவிட்டேன்.

எஸ்தர் அக்கா களுக்கென்று சிரித்தாள். வங்கி அதிகாரி, கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒருவர் கண்ணாடியைக் காட்டினார். ஒரு பெண் கதவைக் காட்டினாள். ஒரு வருஷமாக அங்கே வகுப்பு எடுக்கும் அவர் மூலையில் இருந்த ஏசியைக் காட்டினார். நூர்ஜஹான் சலித்துக்கொண்டு, அய்ய, இம்மாம் நாளா எங்க நிக்கறோம்னே தெரியாம நிக்கறாங்கப்பா என்று சொல்லி மூடிய ஜன்னலைச் சுட்டினாள்.

நான் கையைத் தூக்கினேன். கடல் பக்கக் கை. அப்போதுதான் கவனித்தேன், நான் வடக்கே பார்த்து நிற்கிறேன். மாடியில் நின்ற அதே திசை. கை காது உயரத்தில் நின்றது. ஆறு வாரத் துணிப்பட்டையை அந்தச் சொல் கேட்கவில்லை.

எதிரில் பதினைந்து கைகளும் எழுந்தன. கடல் பக்கத்தில், என்னைப் பார்த்து, என் உயரத்தில் நின்றன. அவரும். அவர்கள் தெற்கே பார்த்து நின்றிருந்தார்கள், நீ நின்றதுபோல. அவர்களுடைய கடல் கை இடது. எல்லாம் இடது கைகள். முழங்கையில் கொஞ்சம் மடிப்பு. உன்னைப் பார்த்தே இராத பதின்மூன்று பேரிடம், பக்கம் மாறாமல், உன் கையே நின்றுகொண்டிருந்தது.

இப்போது என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. முழுசாக நீட்டுங்க என்றால் அது சரி. சொல்லாவிட்டால் அவர்கள் கழுத்து வலிக்கும். ஒரு மூச்சு போனது. இரண்டு. எஸ்தர் அக்கா இப்போது சிரிக்கவில்லை. மூன்று.

“வுடு” என்றேன்.

நான் யாரிடமும் அதுவரை சொல்லாத சொல். வங்கி அதிகாரி உட்பட எல்லாருக்கும் புரிந்தது. பதினைந்து மூச்சும் ஒன்றாக வெளியே வந்தன. என்னுடையதும். கைகள் இறங்கின. அடுத்த முறை வலது என்று சொன்னேன், முழுசாக என்று சொன்னேன், எல்லாம் மேலே போயின.

வகுப்பு முடிந்ததும் அவர் தாளில் எழுதிக் காட்டினார்: அந்த முதல் ஆசனம் இனிமே வேண்டாமுங்க. கீழே இன்னொரு வரி: அதுக்கு என்ன பேர் சொன்னீங்க? சிக்னல் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வண்டியில் நல்ல கூட்டம். உட்கார இடமில்லை. மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வண்டி போகிற பக்கம் பார்த்து நின்றேன். தொண்டையார்பேட்டை போனது, மூச்சைக் கவனிக்க மறந்துவிட்டேன். திருவொற்றியூர் வருவதற்குச் சற்று முன்னால் வண்டி நின்றது. சிக்னல் விழவில்லை என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தேன். வலது கையால் பிடித்திருந்தேன். கை முழுசாக நீண்டிருந்தது. விரல் எதுவும் மரக்கவில்லை. வண்டி வடக்கே போகிற வண்டி, அப்படியானால் இது கடல் கை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

நினைத்ததும் முழங்கை கொஞ்சம் மடங்கியது.

நேராக்கவில்லை. கைப்பிடியையும் விடவில்லை. வண்டி கிளம்பும் வரைக்கும் அப்படியே நின்றேன்.